பகலில் நிற்கும் சோலார், இரவில் சூடேறும் பெட்டரி
வர்த்தகர்கள் அறிந்திருக்க வேண்டிய சில பாடங்கள்

பதுளை கடைவீதியில் மின்சாரப் பொருட்கள் விற்கும் எவரைக் கேட்டாலும் இரண்டு முறைப்பாடுகளைச் சொல்வார்கள். "நல்ல வெயில் அடிக்கும் நேரத்தில்தான் சோலார் நின்றுபோகிறது" என்பது ஒன்று. "நானா, நீங்க தந்த பெட்டரி ஒரு வருசம்கூட தாங்கல்ல" என்பது மற்றது. முதலாவது பெரும்பாலும் நகரத்துக் கடைக்காரர்களிடமிருந்தும் இரண்டாவது பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத் தோட்டங்களிலிருந்தும் வருகின்றது. முப்பது வருடங்களாக இதே வியாபாரத்தில் இருப்பவன் என்ற வகையில், இவ்விரண்டையும் எவ்வாறு படிப்படியாகச் சோதித்துப் பார்ப்பது என்பதை இவ்வாரம் விளக்க விரும்புகின்றேன். சோலார் பூட்டியவர்களுக்கும், பூட்ட நினைப்பவர்களுக்கும், இப்பொருட்களை விற்பவர்களுக்கும் இது பயன்படும்.

நின்றுபோனால் நட்டம் எவ்வளவு?

முதலில் கணக்கைப் பார்ப்போம். 5 கிலோவாட் தொகுதி ஒன்று நல்ல வெயிலில் பகல் 11 மணியிலிருந்து 2 மணி வரை ஏறத்தாழ 11 அலகுகளைத் தரும். 2016 செப்டம்பரில் ஆரம்பிக்கப்பட்ட 'சூரிய பல சங்கிராமய' திட்டத்தின் நிகரக் கணக்கு முறையில், முதல் 7 வருடங்களுக்கு அலகொன்றுக்கு 22 ரூபாவும் அடுத்த 13 வருடங்களுக்கு 15 ரூபா 50 சதமும் என்று ஒப்பந்தம் செய்யப்பட்டது. 22 ரூபாப்படி பார்த்தால் நாளொன்றுக்கு 242 ரூபா, வெயிலுள்ள 20 நாட்களுக்கு 4,840 ரூபா கையை விட்டுப் போகின்றது. வங்கித் தவணையோ நிற்பதில்லை. அத்துடன் 2018இல் கையெழுத்திட்டவர்களுக்கு 2025இல் அந்த 7 வருடங்களும் முடிந்துவிட்டன. விலை குறைந்த பின்னர் அலகுகளும் குறைந்தால் முதலீடு திரும்பி வரும் காலம் நீண்டுகொண்டே போகும்.

ஏன் வெயிலில் நிற்கின்றது?

எமது நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். இதில் நூற்றுக்கு 6 கூடலாம், 6 குறையலாம். அதாவது 216 முதல் 244 வோல்ட் வரை இருக்க வேண்டும். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவது போல, இன்வேர்ட்டர் தனது மின்சாரத்தை வெளியே தள்ள வேண்டுமானால் லைனில் உள்ளதைவிடச் சற்றுக் கூடிய வோல்டில் இருக்க வேண்டும். வயர் மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால் அதிகம் கூட வேண்டியிருக்கும். எல்லையைத் தாண்டியதும் இன்வேர்ட்டர் தானாகவே நின்றுவிடும். எனவே அது பழுதடைந்து நிற்கவில்லை, தன் கடமையைத்தான் செய்கின்றது.

ஓர் உதாரணம். 5 கிலோவாட் என்பது 230 வோல்டில் ஏறத்தாழ 22 அம்பியர். தூணிலிருந்து கடைக்கு 60 மீற்றர் தூரம், 16 சதுர மில்லிமீற்றர் அலுமினிய வயர் என்றால், போக வரச் சேர்த்து 5 வோல்ட் கூடும். மீற்றரிலிருந்து மேல் மாடியில் உள்ள இன்வேர்ட்டருக்கு 25 மீற்றர் தூரத்துக்கு 4 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரைப் போட்டிருந்தால் இன்னுமொரு 5 வோல்ட். லைனில் 235 இருந்தால் இன்வேர்ட்டர் 245ஐக் காணும். உள்ளே உள்ள வயரை மட்டும் 10 சதுர மில்லிமீற்றராக மாற்றினால் அந்த 5 வோல்ட் 2 வோல்டாகக் குறையும். சில ஆயிரம் ரூபா மிச்சம் பிடிக்க மெல்லிய வயர் போட்டவர் மாதா மாதம் அதைவிடக் கூடுதலாக இழக்கின்றார்.

மலைநாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. ஒரு ட்ரான்ஸ்போமரிலிருந்து லைன் பல வளைவுகளைச் சுற்றி நீளமாகச் செல்கின்றது. மாலையில் கடைசி வீட்டுக்கும் போதிய வோல்ட் கிடைக்க வேண்டும் என்பதற்காக ட்ரான்ஸ்போமரின் அளவைச் சற்று உயர்த்தி வைப்பதுண்டு. முன்பு அது பொருத்தமாக இருந்தது. இன்று அதே லைனில் ஏழெட்டுக் கூரைகளில் சோலார் ஏறிவிட்டதால், பகலில் பாவனை குறைந்த நேரத்தில் வோல்ட் மேலே போய்விடுகின்றது.

சோதிக்கும் முறை

ஒன்று: மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். நின்ற நேரம், இன்வேர்ட்டர் திரையில் வந்த எச்சரிக்கை, அப்போது காட்டிய வோல்ட் ஆகிய மூன்றும் போதும். ஞாயிற்றுக்கிழமையும் போயா தினத்திலும் மாத்திரம் நின்றால், அயலில் பாவனை குறைவதே காரணம் என்று ஓரளவு ஊகிக்கலாம். மூடுபனியும் மழையுமுள்ள காலையில் நின்று, வெயில் ஏறியதும் தானாக வேலை செய்தால் அது வேறு விடயம். கூரையில் எங்கோ வயரிலோ கனெக்டரிலோ ஈரம் இறங்கியிருக்கின்றது. ஹப்புத்தளை, வெலிமடைப் பக்கங்களில் இதனைக் கவனிக்க வேண்டும்.

இரண்டு: தகுதியுள்ள வயரிங் பாஸ் ஒருவரைக் கொண்டு, நண்பகலில் மீற்றர் அருகிலும் இன்வேர்ட்டர் அருகிலும் வோல்டை அளக்கச் செய்யுங்கள். சோலாரை நிறுத்தி ஒரு தடவை, ஓடவிட்டு ஒரு தடவை. இது அனுபவமில்லாதவர் கைவைக்கும் வேலையல்ல.

மூன்று: விடையை இவ்வாறு வாசிக்க வேண்டும்.

சோலாரை நிறுத்தியிருக்கும்போதே மீற்றரில் 244க்கு மேல் இருந்தால் குறை வெளி லைனில். ஓடும்போது மீற்றரில் 237, இன்வேர்ட்டரில் 246 என்றால் குறை உங்கள் கட்டடத்துக்குள். வயர் போதாது, அல்லது ஒரு மூட்டு தளர்ந்திருக்கின்றது. தளர்ந்த மூட்டு சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் அதை அன்றே சரிசெய்ய வேண்டும். ஓடவிட்டதும் மீற்றரிலேயே 236 என்பது 243 ஆக ஏறினால், தூணிலிருந்து வரும் வயரோ வெளி லைனோ சிறியது.

வெளிக் குறைக்கு உங்கள் கொப்பிக் குறிப்பை இணைத்து மின்விநியோக அலுவலகத்துக்கு எழுத்து மூலம் அறிவியுங்கள். "அடிக்கடி நிற்கிறது" என்று எழுதினால் பயனில்லை. "இத்தனையாம் திகதி, இத்தனை மணிக்கு, மீற்றரில் 247 வோல்ட்" என்று எழுதினால் அவர்கள் ட்ரான்ஸ்போமரின் அளவைக் குறைக்கலாம், உங்களை வேறொரு பேஸுக்கு மாற்றலாம், லைனைப் பலப்படுத்தலாம். நியாயமான காலத்துக்குள் பதில் வராவிட்டால் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் முறையிட வழியிருக்கின்றது.

அதுவரை நண்பகலில் உங்கள் பாவனையைக் கூட்டுங்கள். தண்ணீர் மோட்டர், அரைக்கும் மெஷின், ஆழ்குளிரூட்டி ஆகியவற்றை 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் ஓடவிட்டால் வெளியே தள்ள வேண்டிய மின்சாரம் குறையும், வோல்டும் இறங்கும்.

சிலர் இன்வேர்ட்டரின் எல்லையை 260, 265 என்று உயர்த்தித் தருவதாகக் கூறுகின்றார்கள். அதற்கு இணங்க வேண்டாம். அந்த வோல்ட் உங்கள் கடையோடு நிற்பதில்லை. அயல் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கும் தொலைக்காட்சிக்கும் அதுவே போகின்றது.

நான்கு: இது மிக முக்கியம். சில மின்குமிழ்கள் வழமையை விடப் பிரகாசமாகவும் சில மங்கலாகவும் எரிந்தால், வோல்ட் 180க்கும் 300க்கும் இடையில் ஆடினால், நியூட்ரல் வயர் விட்டுப்போயிருக்கலாம். மூன்று பேஸ் உள்ள கடைகளிலும் பள்ளிவாசல்களிலும் இது சில நிமிடங்களில் எல்லாப் பொருட்களையும் எரித்துவிடும். உடனே பிரதான சுவிட்சை நிறுத்திவிட்டு மின்சார அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.

கரண்ட் போனால் சோலாரும் ஏன் போகின்றது?

லைனில் வேலை செய்யும் ஊழியரைக் காப்பாற்றுவதற்காக. மின்சாரம் துண்டிக்கப்பட்டு அவர் தூணில் ஏறியிருக்கும்போது உங்கள் கூரையிலிருந்து மின்சாரம் போனால் அவர் உயிர் போய்விடும். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களும் முறையான சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு வயரிங்கில் இணைக்கவே கூடாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலினால் எமது மாவட்டத்தில் மண்சரிவுகள் ஏற்பட்டு லைன்கள் விழுந்து கிடந்த நாட்களை நினைத்துப் பார்த்தால் இதன் அவசியம் விளங்கும். பிடுங்கப்பட்டு விழுந்த சோலார் தகட்டில்கூட வெளிச்சம் பட்டால் மின்சாரம் உண்டு. அதைத் தொடக்கூடாது.

இத்தோடு இன்னொன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கினால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. விடுமுறை நாளில் பாவனை குறைவாகவும் சோலார் மின்சாரம் அதிகமாகவும் இருந்தமையால், அந்த அதிர்ச்சியைத் தாங்கும் பலம் முழு வலையமைப்புக்கும் குறைவாக இருந்தது. அதனால்தான் அவ்வருடம் ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. அது முழு நாட்டின் பிரச்சினை. உங்கள் தெருவில் வோல்ட் கூடுவது உங்கள் தெருவின் பிரச்சினை. இரண்டுக்கும் மருந்து வேறு.

பெட்டரி: ஊவா ஏற்கனவே கற்ற பாடம்

சோலாரும் பெட்டரியும் ஊவாவுக்குப் புதிதல்ல. 1997இல் உலக வங்கியின் உதவியுடன் ஆரம்பமாகி 2002இன் பின்னரும் தொடர்ந்த கிராமிய மின்சக்தித் திட்டங்களின் கீழ், நாடெங்கும் ஓர் இலட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்குச் சிறிய சோலார் தொகுதிகள் கிடைத்தன. சர்வோதயத்தின் 'சீட்ஸ்' நிறுவனம் கடன் வழங்கியது. ஊவா மாகாண சபையும் மானியம் கொடுத்தது. அன்று தகடு பழுதாகியது குறைவு. வீடுகளை மீண்டும் குப்பி விளக்குக்குத் தள்ளியது பெட்டரிதான். முதல் பெட்டரி இறந்ததும் மலிவாக ஒரு கார் பெட்டரியை வாங்கிப் பூட்டினார்கள். கார் பெட்டரி ஒரு கணம் பலமாகத் தள்ளுவதற்குச் செய்யப்பட்டது. இரவு முழுதும் மெதுவாகக் கறந்தால் சில மாதங்களில் முடிந்துவிடும்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது அதே தவறு மீண்டும் நடந்தது. கிடைத்த பெட்டரியை வாங்கி, கிடைத்த இடத்தில் வைத்து, கிடைத்த வயரால் இணைத்தார்கள்.

விற்பவர் வாங்குபவருக்குச் சொல்ல வேண்டிய கணக்கு இதுதான். 12 வோல்ட், 100 அம்பியர் மணி அசிட் பெட்டரியில் 1,200 வாட் மணி உண்டு. அதில் பாதியைத்தான் எடுக்க வேண்டும். இன்வேர்ட்டரின் இழப்பும் போக, மூன்று மின்குமிழும் ஒரு சிறு தொலைக்காட்சியுமாக 77 வாட் பாவித்தால் ஆறு மணித்தியாலம் சற்றுத் தாண்டும். ஓய்வில் 12.7 வோல்ட் இருந்தால் பெட்டரி நிறைந்திருக்கின்றது. 12.2க்கு வந்தால் ஏறத்தாழப் பாதி. அதற்குக் கீழே தினமும் இறக்கினால் எந்தப் பெட்டரியும் நிலைக்காது.

பாதுகாப்புக்கு இவற்றைக் கடைப்பிடியுங்கள்.

அசிட் பெட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் 4 வீதம் சேர்ந்தாலே தீப்பொறியில் வெடிக்கும். ஆகவே ஒரே அறையில் சமையலும் நித்திரையும் உள்ள லயன் வீட்டில், கட்டிலுக்குக் கீழேயோ அடுப்படியிலோ சாமி விளக்குக்குப் பக்கத்திலோ அதை வைக்கக் கூடாது. காற்றோட்டமான, பிள்ளைகளுக்கு எட்டாத இடம் வேண்டும். குறையும் நீருக்கு டிஸ்டில்ட் வோட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். பீலித் தண்ணீரோ புதிய அசிட்டோ கூடாது.

பெட்டரிக்கு மிக அருகில் உரிய பியூஸ் இருக்க வேண்டும். 48 வோல்ட் தொகுதியில் 5 கிலோவாட் எடுத்தால் 100 அம்பியருக்கு மேல் ஓடும். அதற்கு விரல் தடிப்பான வயரும் நன்கு அழுத்திய லக்கும் தேவை. வீட்டு ஏசி பிரேக்கரை டீசி பக்கம் பூட்டக் கூடாது. டீசி தீப்பொறி இலகுவில் அணையாது, பிரேக்கரே எரிந்துவிடும்.

லிதியம் பெட்டரி வாங்கினால் லிதியம் அயன் பொஸ்பேட் வகையையும், அதற்குரிய பாதுகாப்பு மின்சுற்று உள்ளதையும் கேட்டு வாங்குங்கள். மின்சாரக் கார்களிலிருந்து கழற்றிய பெட்டரிகளில் பல வேறு வகையானவை. அவற்றின் சார்ஜ் வோல்டும் வேறு. இரண்டையும் ஒன்றென நினைத்து இன்வேர்ட்டரைச் சரிசெய்தால் தீ விபத்து ஏற்படலாம். பழைய பெட்டரியையும் புதியதையும் சேர்த்து இணைப்பதும் கூடாது.

பெட்டரி வீங்கினால், வழமைக்கு மாறான சூடோ இனிப்பான இரசாயன வாடையோ அழுகிய முட்டை நாற்றமோ வந்தால், சுவிட்சைப் பாதுகாப்பாக எட்ட முடிந்தால் மட்டும் நிறுத்திவிட்டு அனைவரையும் வெளியேற்றுங்கள். புகை வந்தபின் பெட்டரியைத் தூக்கி வெளியே போட முயலாதீர்கள். தீயணைப்புப் படையை அழையுங்கள். பொருள் போனால் மீண்டும் வாங்கலாம்.

விற்பவரின் பொறுப்பு

ஒரு தோட்டத் தொழிலாளி தவணைக்கு வாங்கும் பெட்டரி, அவரது பல நாள் சம்பளம். அம்பியர் மணியைக் கூட்டி எழுதிய பெட்டியை, அது பொய் என்று தெரிந்துகொண்டே விற்பவர் அந்தச் சம்பளத்தை எடுத்துக்கொள்கின்றார். பற்றுச்சீட்டில் விற்ற திகதி, தொடரிலக்கம், உத்தரவாதக் காலம், எத்தனை வாட் வரை பாவிக்கலாம் என்பவற்றை எழுதிக் கொடுங்கள். பெரிய தொகுதிகளுக்கு இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையில் பதிவுசெய்த நிறுவனமா என்று பார்த்துச் சிபாரிசு செய்யுங்கள். பழைய பெட்டரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஈயமும் அசிட்டும் ஓடையில் கலந்தால் கீழே குடிப்பவர்களும் எமது வாடிக்கையாளர்கள்தான்.

இந்த வாரம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் இன்வேர்ட்டர் அருகே ஒரு கொப்பியைத் தொங்கவிட்டு நண்பகல் வோல்டை எழுதத் தொடங்குங்கள். பெட்டரியின் மூட்டுகள் சூடேறுகின்றனவா என்று வயரிங் பாஸைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். கணக்குக் கொப்பி இல்லாமல் கடை நடத்த முடியாதது போலவே, குறிப்பு இல்லாமல் சோலாரையும் நடத்த முடியாது.