மீண்டும் மலர்ப் பள்ளத்தாக்கிற்கு

நுழையும்முன்

ஒருமுறை கண்ட இடத்தை மீண்டும் காணும்போது, அதே இடத்தையா நாம் காண்கிறோம்? ஆற்றை ஒட்டிச் செல்லும் ஓர் இமயமலைப் பாதையைப் பற்றிய இப்பாடத்தைப் படித்து விடை தேடுவோம்.

பாடம்

உத்தரகாண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில் உள்ளது மலர்ப் பள்ளத்தாக்கு. அலக்நந்தா ஆற்றங்கரையிலுள்ள கோவிந்த்காட்டிலிருந்து அதற்கு வழி பிரிகிறது. புல்னா என்னும் ஊர்வரை வண்டிகள் செல்லும். அதற்குமேல் முதுகில் சுமக்கும் பையும் கையில் ஊன்றும் கோலுமே துணை. லட்சுமண கங்கை பாறைகளில் மோதி நுரைத்துக் கீழிறங்க, பாதை அதனை எதிர்த்து மேலேறுகிறது. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நடந்தால், 3,000 மீட்டருக்கும் மேலான உயரத்திலுள்ள கங்காரியாவை அடையலாம். இரவில் அங்குதான் தங்கவேண்டும். புஷ்பவதி ஆறு பாயும் பள்ளத்தாக்கினுள் கூடாரம் அடிக்க அனுமதி இல்லை. காலையில் சென்றவர் மாலைக்குள் திரும்பிவிடவேண்டும்.

1931ஆம் ஆண்டு காமெட் சிகரத்தில் ஏறித் திரும்பிய பிராங்க் ஸ்மைத் என்னும் ஆங்கிலேயர், தம் குழுவினருடன் இப்பள்ளத்தாக்கில் இறங்கினார். அன்று அவர் வெறும் வழிப்போக்கர். ஆயினும் அங்குக் கண்ட மலர்களை அவரால் மறக்க இயலவில்லை. 1937இல் மீண்டும் வந்தார். பல வாரங்கள் தங்கினார். செடிகளையும் விதைகளையும் சேகரித்தார். மறு ஆண்டு அவர் வெளியிட்ட நூல் இவ்விடத்தை உலகறியச் செய்தது. முதல் வருகை வியப்பைத் தந்தது. இரண்டாம் வருகையே அறிவைத் தந்தது.

உலகிற்குப் புதிதாக இருந்த இவ்விடம், ஆடு மேய்ப்போருக்குப் பழகிய நிலமாகும். கோடைதோறும் அவர்கள் மந்தைகளுடன் இங்கு வந்து சென்றனர். 1982இல் இது தேசியப் பூங்கா ஆனது. பின்னர் மேய்ச்சல் தடுக்கப்பட்டது. 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. பாதுகாப்புக் கிடைத்தபின் வேறொரு சிக்கல் எழுந்தது. உயர்ந்து வளரும் ஒருவகைச் செடி பெருகி, சிறு மலர்ச்செடிகளை மூடத் தொடங்கியது. வனத்துறையினர் அதனைக் களைந்து வருகின்றனர். மேய்ச்சல் நின்றதே காரணம் என்பர் சிலர். அதனை மறுப்பாரும் உளர்.

2013ஆம் ஆண்டு ஜூன் மாத வெள்ளம் பாலங்களையும், பாதையின் பகுதிகளையும், பியுண்டர் என்னும் சிற்றூரின் வீடுகளையும் அடித்துச் சென்றது. முன்பு நடந்தவர் பின்னர் வந்தபோது, பழைய பாதை சில இடங்களில் இல்லை. ஆறே புதுத்தடம் கண்டிருந்தது.

மீண்டும் செல்பவர்க்கே மாற்றம் புலப்படும். ஒருமுறை கண்டவர் அழகை மட்டுமே அறிவார். பலமுறை கண்டவரோ எது குறைந்தது, எது பெருகியது என்பதையும் அறிவார். அவ்வறிவு மேய்ப்பரிடமும் உண்டு, ஆய்வாளரிடமும் உண்டு. இருவர் சொல்லையும் கேட்பதே அந்நிலத்தைக் காக்கும் வழி.

சொற்பொருள்

வழிப்போக்கர் – பயணம் செய்பவர்
மந்தை – கால்நடைக் கூட்டம்
களைதல் – நீக்குதல்
தடம் – வழி

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பயணிகள் கங்காரியாவில் தங்குவது ஏன்?
2. ஸ்மைத்தின் இரு வருகைகளுக்கும் உள்ள வேறுபாடு யாது?

ஆ. பிரித்து எழுதுக.
1. வழிப்போக்கர்
2. சிற்றூர்

இ. சிந்தித்து எழுதுக.
மேய்ச்சலைத் தடுத்தது சரியா? இருதரப்புக் கருத்துகளையும் கூறி, உம் முடிவை எழுதுக.

ஈ. செயல்பாடு
நீவிர் அடிக்கடி செல்லும் ஓர் இடத்தில் ஓராண்டில் கண்ட மூன்று மாற்றங்களைப் பட்டியலிடுக.