ஒரே ஒரு சாட்சி

அன்புள்ள கயல்,

ஆஸ்திரேலியாவின் போர் வரலாற்றை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்று கேட்டிருந்தாய். எல்லோரும் முதல் உலகப் போரின் கலிப்பொலிச் சண்டையைக் கைகாட்டுவார்கள். நான் விவியன் புல்விங்கலைச் சொல்வேன். துப்பாக்கி ஏந்தியவர் அல்ல, ராணுவச் செவிலியர்.

1942 பிப்ரவரி 12. சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாக இன்னும் மூன்றே நாள். 65 ஆஸ்திரேலியச் செவிலியரை 'வைனர் புரூக்' கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். 14ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசி அதை மூழ்கடித்தன. 12 பேரைக் கடல் கொண்டது. விவியனோடு சேர்த்து 22 செவிலியர் பங்கா தீவின் ராட்ஜி கடற்கரையில் கூடினார்கள். 16ஆம் தேதி அங்கே வந்த ஜப்பானியச் சிப்பாய்கள் அவர்களோடு கரையிலிருந்த ஆண்களைத் தனியே கொண்டுபோய்க் கொன்றார்கள். பிறகு பெண்களைக் கடலுக்குள் நடக்கவைத்துப் பின்னாலிருந்து சுட்டார்கள். இடுப்புக்கு மேலே குண்டு துளைத்துப் போன விவியன் மட்டும் பிணம்போல மிதந்து பிழைத்தார்.

காட்டில் கின்ஸ்லி என்ற பிரிட்டிஷ் சிப்பாயும் காயத்தோடு கிடந்தார். இருவரும் 12 நாள் ஒளிந்திருந்தார்கள். ஊர் ஆண்கள் உதவ அஞ்சி மறுக்க, பெண்கள் ரகசியமாகச் சோறு கொடுத்தார்கள். சரணடைவது என்று முடிவானபோது, தன் பிறந்தநாளைச் சுதந்திரமாகக் கழிக்க இன்னும் ஒரு நாள் வேண்டும் என்றார் கின்ஸ்லி. விவியன் பொறுத்திருந்தார். சரணடைந்த சில நாட்களில் கின்ஸ்லி இறந்துபோனார்.

இனிமேல்தான் நீ கூர்ந்து கவனிக்க வேண்டியது. நடந்ததற்குச் சாட்சி ஒருத்தி உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்தால் ஜப்பானியர் விடமாட்டார்கள். அதனால் சீருடையிலிருந்த குண்டு ஓட்டையைத் தண்ணீர்க் குப்பியால் மறைத்துக்கொண்டுதான் விவியன் முகாமுக்குள் போனார். வேறிடங்களில் கரைசேர்ந்து அங்கே சிறைப்பட்டிருந்து, நடந்ததை அவரிடம் கேட்டறிந்த மற்றச் செவிலியரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று கட்டுப்பாடாக இருந்தார்கள். மூன்றரை ஆண்டுச் சிறை. அதில் எட்டுப் பேர் நோயிலும் பட்டினியிலும் மாண்டனர். 65 பேரில் நாடு திரும்பியவர்கள் 24 பேர்.

1946இல் டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் விவியன் சாட்சி சொன்னார். முழுவதும் சொன்னாரா? இல்லை. சுடப்படுவதற்கு முன் அந்தப் பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள் என்பதும், அதைச் சொல்லக் கூடாது என்று மேலிடம் தன்னைத் தடுத்தது என்று பிற்காலத்தில் அவர் ஒரு பத்திரிகையாளரிடம் கூறியிருந்தார் என்பதும், அவர் 2000இல் இறந்து ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்துத்தான் பரவலாகப் பேசப்பட்டன. அவர் மறைத்தார் என்று நான் சொல்லமாட்டேன்; கேட்கத் துணியாதவர்கள் அவரைப் பேசவிடவில்லை.

ஆகவே போர்க்காலத்து நினைவுக் குறிப்பு எது கையில் கிடைத்தாலும், எப்போது, யார் முன்னால், யாருக்குப் பயந்து அது சொல்லப்பட்டது என்று முதலில் பார். முகாமில் ஒளித்து எழுதிய நாட்குறிப்புக்கும், விடுதலையான பின் அச்சேறிய புத்தகத்துக்கும், நீதிமன்ற வாக்குமூலத்துக்கும் தொனியே வேறு. விவியனின் தோழி பெட்டி ஜெஃப்ரி முகாமில் ரகசியமாக எழுதிய நாட்குறிப்பு 1954இல் 'வொயிட் கூலீஸ்' என்ற நூலாக வந்தது. அடுத்து அதைத் தேடிப் படி. படித்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா