வாத்தியாரை எப்படி அவசரப்படுத்துவது?

கேள்வி: தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அப்பா சின்ன வயதில் துரைமார் கிளப்பில் பை தூக்கியவர். அந்த ஆசையோ என்னவோ, ஐம்பதைத் தாண்டிய பிறகு எனக்கும் கோல்ஃப் பிடித்துக்கொண்டது. ஞாயிறுதோறும் நாங்கள் நாலு பேர் விடியுமுன் லத்தார் நெடுஞ்சாலை ஏறி ரவாங் பக்கம் போய் ஆடுகிறோம். அதில் ஒருவர் எனக்கு ஆறாம் ஆண்டில் பாடம் எடுத்த சார். தங்கமான மனிதர். ஆனால் அடிக்கும் முன் நாலு ஒத்திகை, பட் போடும் முன் குழியைச் சுற்றி ஒரு பிரதட்சணம். எல்லாரும் முடித்ததும் கிரீனிலேயே நின்று, வருகைப் பதிவேடு எழுதுவதுபோல் நால்வர் ஸ்கோரையும் மணி மணியாக எழுதுவார். ஏழரைக்குத் தொடங்கினால் முடிய மதியம் ஒரு மணியாகிறது. பின்னால் வரும் ஃப்ளைட் முனகுகிறது. மார்ஷல் வந்து என்னிடம்தான் சொல்கிறார். சாரிடம் எப்படிச் சொல்வது?

– வாசகர், புக்கிட் பெலிம்பிங்

பதில்: சொல்லாதீர்கள். "கொஞ்சம் சீக்கிரம் சார்" என்று ஒரு தடவை சொன்னால் போதும், அவர் பதறி அடிப்பார், பந்து பத்தடி உருளும், மறுபடி அடிக்க வேண்டும். நேரம் மிச்சமாகாது. மனஸ்தாபம்தான் மிச்சம்.

முதலில் ஒரு கணக்கு. சார் ஒரு ஆட்டத்துக்கு 100 அடி அடிக்கிறார் என்று வைப்போம். ஒவ்வொன்றுக்கும் மற்றவரைவிட 20 விநாடி கூடுதல் என்றாலும் மொத்தம் 33 நிமிடம்தான். நீங்கள் ஆடுவதோ ஐந்தரை மணி நேரம். நாலு பேர் நாலேகால் மணியில் முடிக்கலாம். மிச்ச நேரத்தைத் தின்றவர் யார்? கோபிக்காதீர்கள், நீங்கள் மூவரும்தான். சார் ஒத்திகை பார்க்கும்போது மூவரும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறீர்கள். அவர் அடித்த பிறகுதான் தூரம் பார்த்து மட்டையைத் தேடுகிறீர்கள். பெரும்பாலான ஃப்ளைட்டுகளின் கதை இதுதான். என்னையும் ஒருமுறை ஒரு மார்ஷல் இதற்காகப் பிடித்து உலுக்கியிருக்கிறார்.

பகி வண்டியும் ஒரு காரணம். இருவர் ஒன்றாக ஒரு பந்திடம் போய் நின்று, அடித்து, பிறகு ஒன்றாக அடுத்த பந்திடம் போவது வீண். சாரை இரண்டு மூன்று மட்டைகளோடு அவர் பந்தருகே இறக்கிவிட்டு உங்கள் பந்துக்குப் போங்கள். உங்கள் அப்பா காலத்தில் எல்லாரும் நடந்துதான் ஆடினார்கள். அவரவர் பந்துக்கு அவரவர் போனார்கள்.

2019-ல் திருத்திய விதிகள் உங்கள் பக்கம் நிற்கின்றன. ஆடத் தடையில்லாத நிலை வந்ததிலிருந்து 40 விநாடிக்குள் அடிப்பது நல்லது என்கிறது விதி. ஸ்ட்ரோக் ஆட்டத்தில் குழிக்குத் தொலைவில் இருப்பவர்தான் முதலில் அடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆபத்தில்லை என்றால் தயாராக இருப்பவர் அடிக்கலாம். சார் யோசிக்கட்டும், நீங்கள் அடித்துவிடுங்கள். மேட்ச் ஆட்டம் என்றால் மட்டும் எதிராளியின் சம்மதம் கேட்டுக்கொள்ளுங்கள். கொடிக்கம்பைப் பிடுங்காமலே பட் போடலாம், அதுவும் அந்த ஆண்டு வந்ததுதான்.

செம்பனைக்குள் போன பந்தைத் தேட முன்பு 5 நிமிடம் இருந்தது. இப்போது 3 தான். சந்தேகமாக இருந்தால் தேடப் போகுமுன்பே, தற்காலிகப் பந்து என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொன்றை அடித்துவிட வேண்டும். சொல்லாமல் அடித்தால் முதல் பந்து தொலைந்த கணக்கு. தேட வேண்டி வந்தால், பின்னால் இருப்பவர்களைக் கையசைத்து முன்னே விடுங்கள். முனகல் அதோடு நிற்கும்.

இன்னொரு மாற்றத்தைப் பலமாகச் சிபாரிசு செய்வேன். ஞாயிறு ஆட்டத்தை ஸ்டேபிள்ஃபோர்டு என்ற புள்ளி முறைக்கு மாற்றுங்கள். சாரின் ஹேண்டிகேப் 18 என்றால் பார் 4 குழியில் ஆறாவது அடிக்குள் பந்து விழ வேண்டும். விழாவிட்டால் அந்தக் குழிக்குப் புள்ளி இல்லை, பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். ஒன்பதாவது அடிக்கான பிரதட்சணம் இருக்காது. யாரும் யாரையும் விரட்டவும் இல்லை, விதி அப்படி.

உங்கள் மார்ஷல் நல்லவர், வாயால் சொல்வதோடு விடுகிறார். 2013 மாஸ்டர்ஸில் சீனாவின் குவான் டியன்லாங்குக்கு, 14 வயதுப் பையன் என்றும் பாராமல், தாமதத்துக்காக ஒரு அடி அபராதம் போட்டார்கள். நல்லவேளை, அப்படியும் கட் தாண்டினான்.

கடைசியாக அந்த ஸ்கோர் கார்டு. ஒரு குழிக்கு ஒரு நிமிடம் கிரீனில் நின்று எழுதினாலே பதினெட்டுக் குழிக்குப் பதினெட்டு நிமிடம். பின்னால் இருப்பவருக்குக் கண்ணை உறுத்துவதும் அதுதான். ஸ்கோரை அடுத்த டீயில் எழுத வேண்டும், அதுவும் மற்றவர் அடிக்கும் நேரத்தில். அடுத்த ஞாயிறு முதல் டீயிலேயே, "சார், நீங்க ஆட்டத்தப் பாருங்க, கணக்க நான் பாத்துக்கிறேன்" என்று பென்சிலைக் கேளுங்கள். செக்ரோல் எழுதிப் பழகிய கை உங்களுடையது. மறுக்க மாட்டார்.