மின்னஞ்சல் தூண்டில்

ஏமாற்று வித்தை மிகப் பழையது. காலந்தோறும் அதன் கருவி மட்டுமே மாறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேலைநாடுகளில் ‘ஸ்பானியக் கைதி’க் கடிதங்கள் உலவின. சிறையில் வாடும் செல்வந்தர் ஒருவரை மீட்கச் சிறுதொகை அனுப்பினால் பெருஞ்செல்வம் கைம்மாறாகக் கிடைக்கும் என்பதே அவற்றின் சாரம். அதே கதை பின்னாளில் மின்னஞ்சலில் ஏறி, நைஜீரியக் குற்றவியல் சட்டப் பிரிவின் எண்ணால் ‘419’ எனப் பெயர் பெற்றது. நம் நாட்டில் மோசடிக்காரனுக்கு ‘420’ என்று பெயர். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் அந்தப் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் அடங்கிவிட்டது. ஆயினும் பழைய எண் மக்கள் நாவில் நிலைத்து நிற்கிறது.

வணிகவியல் பயிலும் மாணவன் என்ற முறையில், இத்தகைய மோசடி எவ்வாறு நடைபெறுகிறது, அதிலிருந்து காத்துக்கொள்வது எவ்வாறு என்பதை இங்கே தொகுத்துரைக்க விழைகிறேன்.

ஒரு வழக்கு

அபுதாபியில் பணியாற்றிய தமிழர் ஒருவருக்குத் தூத்துக்குடி ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கிக் கிளையில் கணக்கு இருந்தது. 2007 செப்டம்பரில், வங்கியே அனுப்பியது போன்ற மின்னஞ்சல் ஒன்று அவருக்கு வந்தது. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தெரிவிக்காவிட்டால் கணக்கு இல்லாமற்போகும் என்று அது எச்சரித்தது. அவரும் நம்பித் தெரிவித்தார். விளைவு, ரூ.6.46 லட்சம் அதே வங்கியிலிருந்த ஒரு நிறுவனத்தின் கணக்குக்குப் போயிற்று. அதில் பெரும்பகுதி மும்பையில் காசோலை மூலம் பணமாக எடுக்கப்பட்டது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி அவர் முறையிட்டார். தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பச் செயலாளர், தீர்ப்பளிக்கும் அதிகாரி என்ற முறையில் வழக்கை விசாரித்து, ரூ.12.85 லட்சம் வழங்குமாறு 2010 ஏப்ரலில் வங்கிக்கு ஆணையிட்டார். வங்கி மேல்முறையீடு செய்தது.

இவ்வழக்கில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அந்த மின்னஞ்சல் ஆசை காட்டவில்லை; அச்சம் காட்டியது. பேராசைக்காரர்களே ஏமாறுவர் என்ற எண்ணம் தவறு. இரண்டாவது, களவுபோன பணம் இறங்குவதற்கு இன்னொருவர் கணக்கு தேவைப்பட்டது.

நமது வட்டாரத்தில்

மாமல்லபுரத்துக் கற்சிற்பங்கள் 2017-இல் புவிசார் குறியீடு பெற்றவை. கடல் கடந்தும் விலை போகின்றவை. அங்குள்ள சிற்பக்கூடம் ஒன்றுக்கு வந்த மின்னஞ்சலை நான் படித்துப் பார்த்தேன். நந்தி சிலை வேண்டும் என்று எழுதியவர் அளவு கேட்கவில்லை, கல்லின் தன்மை கேட்கவில்லை, விலையிலும் பேரம் பேசவில்லை. “விலைக்கு மேல் அனுப்புகிறேன், மிகுதியைக் கப்பல் முகவருக்குச் செலுத்திவிடுங்கள்” என்றிருந்தது. அனுப்பியதாகச் சொல்லும் பணம் வந்து சேராது. முகவருக்குக் கொடுத்தது திரும்பாது. “சிலை வாங்க வருபவன் முதலில் கல்லைத் தட்டிப் பார்ப்பான்” என்று சொல்லி அந்தச் சிற்பி பதில் எழுதாமல் விட்டுவிட்டார். தொழிலறிவே அவரைக் காத்தது.

ஈ.சி.ஆர். சாலையோர விடுதிகளின் பெயரில் போலி இணையதளம், செங்கல்பட்டு மாணவர்க்கு ‘உதவித்தொகை வந்துள்ளது’ என்ற குறுஞ்செய்தி ஆகியனவும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

கணக்கை இரவல் தருதல்

மாணவர்களாகிய நாம் மிகவும் அஞ்ச வேண்டியது இதுவே. “உன் வங்கிக் கணக்கைச் சில நாள் கொடு, கமிஷன் தருகிறேன்” என்று கேட்போர் உளர். மேற்சொன்ன வழக்கைப்போல் பிறர் பணம் வந்து இறங்கும் இடமாக நம் கணக்கு ஆகிவிடும். காவல்துறையினர் முதலில் தட்டுவது கணக்குக்கு உரியவரின் கதவை. கணக்கு முடக்கப்படும், குற்றவாளிப் பட்டியலில் நம் பெயரும் ஏறலாம். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியே ஏமாற்றினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அரசு வேலையை எதிர்நோக்கிப் படிக்கும் நமக்கு இதைவிடப் பெரிய இழப்பு வேறென்ன?

காத்துக்கொள்ளும் வழி

1. இணைய முகவரியில் முன்னே நிற்கும் பெயரை நம்பலாகாது. முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னுள்ள பகுதியே உரிமையாளரைக் காட்டும். வங்கிகள் ‘பேங்க்.இன்’ என முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்தது.

2. யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்குப் பின் எண் வேண்டியதில்லை. பணம் தருவதாகச் சொல்லிப் பின் எண்ணைக் கேட்டால் அது மோசடி.

3. ‘டிஜிட்டல் கைது’ என்பது சட்டத்தில் இல்லை. காணொலியில் காக்கிச்சட்டை தெரிந்தாலும் அழைப்பைத் துண்டித்துவிடலாம்.

4. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுமுன் தடுத்து நிறுத்தினால்தான் மீட்க வழியுண்டு. வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கே ஆதாயம்.

நம்மில் பலர், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். பெற்றோரின் கைப்பேசிக்கு வரும் செய்தியைப் படித்துச் சொல்பவர்களும் நாமே. ஆதலால் இப்பாடத்தைத் தேர்வுக்காக அன்றி, இன்று மாலையே வீட்டிலுள்ளோருக்கு எடுத்துச் சொல்வதற்காகக் கற்போமாக.