யாருக்குச் சிலை?

கேள்வி: பெண்ணின் உடல் மீதான உரிமையைச் சட்டம்தானே காப்பாற்ற வேண்டும்? சிலை வைத்து என்ன ஆகப்போகிறது?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: யாருக்குச் சிலை என்பதைப் பொறுத்தது. 'நவீன மகளிர் மருத்துவத்தின் தந்தை' எனப் போற்றப்பட்டவர் மரியன் சிம்ஸ். 1840களில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள மான்ட்கோமரியில், அடிமைப் பெண்களை மயக்க மருந்தே இல்லாமல் அறுத்துப் பார்த்துத்தான் தன் சிகிச்சை முறையை உருவாக்கினார். அனார்கா என்ற பெண்ணுக்கு மட்டும் சுமார் 30 அறுவைகள். அந்தப் பெண்களின் சம்மதத்துக்கு மதிப்பே இல்லை. சட்டப்படி அவர்கள் இன்னொருவரின் உடைமை. ஆனால் சிலை மருத்துவருக்கு! நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நின்ற அதை 2018-ல்தான் அகற்றினார்கள்.

2021-ல் மான்ட்கோமரியிலேயே, சிம்ஸிடம் அறுபட்ட அடிமைப் பெண்களான அனார்கா, பெட்சி, லூசி மூவருக்கும் சிலை எழுப்பினார் மிஷெல் பிரவுடர் என்ற கலைஞர். காயலான் கடைக்குப் போகவேண்டிய உலோகத்தை வெல்டிங் செய்து உருவாக்கியவை அவை. சுமார் 15 அடி உயர அனார்காவின் வயிறு வெறும் கூடு. பெட்சியின் தலையில், பெண்களைப் பரிசோதிக்கும் ஸ்பெக்குலம் கருவிகளால் ஆன கிரீடம். பிரவுடர் அத்தோடு நிற்கவில்லை. சிம்ஸ் சிகிச்சை செய்த இடத்தையே வாங்கி, அருங்காட்சியகமும் பெண்களுக்கான மருத்துவ உதவி மையமும் அமைக்க இறங்கினார்.

சட்டம் ஒரே தீர்ப்பில் தலைகீழாகும். கருக்கலைப்பு உரிமையைப் பறித்த அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2022 தீர்ப்புக்குப் பின், அதே அலபாமாவில் கருக்கலைப்புக்கு ஏறக்குறைய முழுத் தடை. பெண்ணைக் கேட்காமல் அவள் உடல் பற்றி யாரும் முடிவெடுக்கக் கூடாது என்று ஊர் நடுவே சொல்லச் சிலையும் வேண்டும். தவிக்கும் பெண்ணுக்குப் பக்கத்திலேயே உதவியும் வேண்டும்.