பிள்ளையின் எடையும் துணியின் சுத்தமும்



அண்மைக் காலமாக நமது அறக்கட்டளைக்கு வரும் உதவி மனுக்களில் இரண்டு கோரிக்கைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, "பிள்ளைக்கு எடை ஏறவில்லை, டின் மாவு வாங்கித் தாருங்கள்" என்பது. மற்றொன்று, "டயப்பர் வாங்கக் கட்டுப்படியாகவில்லை" என்பது. இவற்றைத் தனித்தனிக் குறைகளாகவே நாம் பார்த்து வருகிறோம். உண்மையில் இவை ஒரே பாடத்தின் இரு பக்கங்கள். கிண்ணத்தில் ஊட்டி ஏற்றும் எடையை, சுத்தமில்லாத துணியும் கழுவாத கையும் வயிற்றுப்போக்காகக் கரைத்துவிடும். ஆகவே ஒரு வயது முதல் மூன்று வயது வரையிலான பிள்ளைகளைப் பற்றிய இந்தப் பாடத்தில் இரண்டையும் சேர்த்தே பார்ப்போம். தாய்மார்களுக்கென்று எழுதினாலும் தந்தையரும் படிக்க வேண்டுகிறோம்.

கொழுகொழுப்பு அளவுகோல் அல்ல

பக்கத்து வீட்டுப் பிள்ளை குண்டாக இருக்கிறது, நம் பிள்ளை ஒல்லியாக இருக்கிறது என்று ஒப்பிட்டுக் கவலைப்படுவது நம்மிடையே வழக்கம். முதல் பிறந்தநாளுக்குப் பிறகு பிள்ளையின் வளர்ச்சி வேகம் குறைவது இயற்கை. பிறந்த எடையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கை முதல் ஆண்டிலேயே எட்டிவிடும் பிள்ளை, இரண்டாம் ஆண்டு முழுவதிலும் சுமார் இரண்டரை கிலோதான் கூடும். அதாவது மாதத்துக்கு 200 கிராம் அளவில். நடக்கவும் ஓடவும் தொடங்கியதும் உடல் மெலிந்து உயரமாவதைப் பார்த்து "இளைத்துவிட்டான்" என்று பயப்பட வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகளின்படி, ஒரு வயதில் ஆண் பிள்ளையின் நடுத்தர எடை 9.6 கிலோ, பெண் பிள்ளைக்கு 8.9 கிலோ. இரண்டு வயதில் 12.2 கிலோவும் 11.5 கிலோவும். மூன்று வயதில் 14.3 கிலோவும் 13.9 கிலோவும். இவை நடுத்தர எடைகள்தாம். இதற்குக் குறைந்தால் நோய் என்று பொருளல்ல. இரண்டு வயதில் ஆண் பிள்ளை 9.7 கிலோவுக்கும் பெண் பிள்ளை 9.0 கிலோவுக்கும் கீழே போனால்தான் அது எடைக் குறைவு எனப்படும்.

இதைவிட முக்கியமானது கோடு. தாய் சேய் நல அட்டையில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு நிறப் பட்டைகளுடன் ஒரு வரைபடம் இருக்கிறது. மாதந்தோறும் எடையைப் புள்ளியாக வைத்துக் கோட்டை இணைத்து வந்தால், அது மேலே ஏறுகிறதா, படுத்துவிட்டதா, இறங்குகிறதா என்பது படிக்கத் தெரியாத தாய்க்கும் புரியும். சிறிய பிள்ளையாக இருந்தாலும் கோடு ஏறிக்கொண்டிருந்தால் அல்ஹம்துலில்லாஹ், கவலை வேண்டாம். குண்டான பிள்ளையாக இருந்தாலும் கோடு படுத்துவிட்டால் காரணத்தைத் தேட வேண்டும்.

நம் மாநிலம் கற்ற பாடம்

இது வெளியூர்ச் சரக்கு அல்ல. 1980-இல் உலக வங்கிக் கடனுதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. ஆறு மாதம் முதல் முப்பத்தாறு மாதம் வரையிலான பிள்ளைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி உணவு வழங்காமல், மிகவும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் எடை ஏறாமல் நின்றுவிட்ட பிள்ளைகளுக்கும் மட்டும் சுமார் 90 நாட்கள் கூடுதல் ஊட்டச்சத்து உணவு தந்தார்கள். எடை ஏறத் தொடங்கியதும் அந்த உணவை நிறுத்தி, வீட்டு உணவிலேயே பிள்ளையை வளர்க்கத் தாய்க்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு அந்தப் பகுதிகளில் குறைந்தது.

தராசை மாதம் ஒருமுறை பார்த்தால், பிள்ளை நோயில் விழும் முன்பே குறை தெரிந்துவிடும் என்பதே அதன் படிப்பினை. 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கப்பட்ட 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டமும் எடை குறைந்த பிள்ளைகளைக் கண்டறிந்து கவனிப்பதற்காகவே. நம் பகுதி அங்கன்வாடிகளில் எடை போடுவதற்குக் காசு இல்லை. அங்கே தரும் சத்துமாவையும் "கவர்மெண்ட் மாவு" என்று ஒதுக்காதீர்கள்.

என்ன கொடுப்பது?

தாய்ப்பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோருக்கு முழுமையாக இரண்டு ஆண்டுகள் என்று அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனம் காலம் குறிக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் இரண்டு வயது வரையும் அதற்குப் பிறகும் தாய்ப்பாலைத் தொடரச் சொல்கிறது. ஒரு வயதானதும் பாலை நிறுத்திவிட்டு டின்னுக்கு மாற வேண்டிய அவசியம் எதுவுமில்லை. இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கான பால் மாவு, டின் உணவு ஆகியவற்றை விளம்பரம் செய்வதையே 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003 திருத்தமும் தடை செய்துள்ளன. ஆகவே மருத்துவர் எழுதித் தந்தாலொழிய டின் வாங்க அறக்கட்டளைப் பணத்தைச் செலவிடாமல் இருப்பதே முறை.

பிள்ளையின் வயிறு சிறியது. ஒரே நேரத்தில் நிறையத் திணிக்க முடியாது. மூன்று அல்லது நான்கு வேளை உணவு, இடையில் ஒன்றிரண்டு முறை சிற்றுணவு. தண்ணீராகக் கரைத்த கஞ்சி வயிற்றை நிரப்புமே தவிர எடையை ஏற்றாது. கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் நிற்கும் பக்குவத்தில் சோறும் பருப்பும் குழைத்து, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ விடுங்கள். அந்த ஒரு கரண்டியில் மட்டும் சுமார் 40 கலோரி சேர்கிறது. முட்டை, முள் நீக்கிய மீன், மசித்த ஈரல் சிறிதளவு, முருங்கைக்கீரை, வாழைப்பழம், வறுத்துப் பொடித்த வேர்க்கடலை ஆகியவை நம் சந்தையிலேயே கிடைப்பவை. கடலையை முழுசாகக் கொடுக்க வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, டீயில் பிஸ்கட்டோ வறுக்கியோ நனைத்து ஊட்டுவது. டீ உணவிலுள்ள இரும்புச் சத்தை உடலில் சேர விடாது. பிஸ்கட் பசியைக் கெடுக்கும். மற்றொன்று, சாப்பிடவில்லையே என்று நாள் முழுவதும் பால் புட்டியைக் கையில் கொடுப்பது. ஒரு வயதுக்கு மேல் மாட்டுப்பால் நாளொன்றுக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் சோற்றுக்கு இடமிருக்காது, இரத்தசோகையும் வரும்.

ஏறிய எடை எங்கே கரைகிறது?

நன்றாகச் சாப்பிடும் பிள்ளையின் கோடும் சில மாதங்களில் படுத்துவிடுகிறது. கேட்டுப் பார்த்தால் அந்த மாதம் இரண்டு முறை வயிற்றுப்போக்கு வந்திருக்கும். "சின்னப் பிள்ளையின் மலம்தானே" என்று அலட்சியமாக இருப்பதே பல வீடுகளில் காரணம். பெரியவர்களின் மலத்தைப் போலவே அதிலும் கிருமி உண்டு. துணி மாற்றிய கையோடு சோறு பிசைந்தால் அது பிள்ளையின் வயிற்றுக்கே திரும்பிப் போகும். துணி மாற்றிய பின்பும் உணவு ஊட்டும் முன்பும் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். எந்தச் சத்து டானிக்குக்கும் இது குறைந்ததல்ல.

வயிற்றுப்போக்கு வந்தால் உணவை நிறுத்தாதீர்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் கரைத்து அடிக்கடி கொடுங்கள். துத்தநாக மாத்திரையை, போக்கு நின்றாலும் 14 நாட்கள் முடியக் கொடுக்க வேண்டும். இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஆண்டுக்கு இருமுறை தரும் குடற்புழு மாத்திரையையும் தவறவிடாதீர்கள்.

நம் பகுதிக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்தில் இரும்பு உருக்குதல், பேட்டரி, ஈயம் சார்ந்த தொழில்களில் பலர் வேலை செய்கிறோம். ஈயத் தூசு பிள்ளையின் மூளை வளர்ச்சியையும் உடல் வளர்ச்சியையும் பாதிக்கும். வேலை உடையோடு பிள்ளையைத் தூக்காமல், முதலில் உடை மாற்றி, கை, முகம் கழுவிவிட்டுத் தூக்குங்கள். அந்த உடையைப் பிள்ளையின் துணியோடு ஒரே வாளியில் நனைக்கவே கூடாது.

துணி டயப்பர்: முறையாகப் பயன்படுத்தினால்

ஒரு டயப்பர் பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், நாளைக்கு ஐந்து வீதம் மாதம் 1,500 ரூபாய். அந்தப் பணத்தில் பிள்ளைக்கு முட்டையும் பருப்பும் பழமும் வாங்கலாம். காசு கட்டாததால் ஒரே டயப்பரை ஆறேழு மணி நேரம் போட்டு வைப்பதுதான் இன்னும் கெடுதல்; தோல் வெந்து புண்ணாகிவிடுகிறது.

கடையில் விற்கும் துணி டயப்பர்தான் வேண்டும் என்பதில்லை. பழைய பருத்தி வேட்டி, கைலி, புடவைத் துணி போதும். பலமுறை துவைத்து மென்மையான துணி நன்றாக ஈரத்தை உறிஞ்சும். சதுரமாக வெட்டி ஓரம் தைத்து, பதினெட்டு முதல் இருபது துணிகள் வைத்துக்கொண்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் துவைக்கலாம். மேலே பிளாஸ்டிக் ஜட்டி மாட்டினால் காற்று போகாமல் வேனல் காலத்தில் தோல் சிவந்துவிடும். வெளியே போகும் நேரத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையும் மலம் கழித்தவுடனும் துணியை மாற்றுங்கள்.

துவைக்கும் முறை இது. மலத்தைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு, முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். பிறகு சோப்புத் தூளும் சுடுதண்ணீரும் சேர்த்துத் தனி வாளியில் துவையுங்கள். நம் பகுதியில் பல போர்களில் உப்புத் தண்ணீர்தான் வருகிறது. நுரை வரவில்லை என்று சோப்பை அள்ளிப் போட்டால் அது துணியில் தங்கித் தோலை அரிக்கும். ஆகவே சோப்பைக் குறைத்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். வாசனைத் திரவங்கள் துணியின் உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும், அவை வேண்டாம். வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். மாடியில் ஆலைத் தூசு படியும் தெருவாக இருந்தால், காய்ந்தவுடன் உதறி எடுத்து உள்ளே மடித்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அரைகுறையாகக் காய்ந்த துணியை இஸ்திரி போட்டுப் பயன்படுத்துங்கள். ஈரத் துணியில் பூஞ்சை வரும்.

தோல் சிவந்தால் வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, சிறிது நேரம் துணியில்லாமல் காற்றாட விடுங்கள். பவுடர் கொட்ட வேண்டாம். தூள் பிள்ளையின் மூச்சில் போகும். மூன்று நாளில் ஆறாவிட்டாலோ, சிவப்பைச் சுற்றிச் சிறு கொப்புளங்கள் வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரவிலும் பயணத்திலும் கடை டயப்பர் போடுவது தவறல்ல. ஆனால் அதை ஏரிக்கரையிலோ கால்வாயிலோ வீசாதீர்கள். திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் தாளில் நன்றாகச் சுற்றித் தரம் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

தொழுகை பற்றிய ஐயம்

துணி கட்டினால் தன் உடையில் சிறுநீர் படும், தொழுகை தவறும் என்பதற்காகவே டயப்பரை விட மறுக்கும் சகோதரிகள் உண்டு. பால் மட்டுமே குடிக்கும் ஆண் குழந்தையின் சிறுநீர் பற்றி ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளில் வேறுபாடு இருக்கிறது. உணவு உண்ணத் தொடங்கிய பிள்ளையைப் பொறுத்தவரை, பட்ட இடத்தைக் கழுவ வேண்டும் என்பதில் இரண்டும் ஒன்றே. பட்ட இடத்தை மட்டும் கழுவினால் போதும். உடை முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. தொழுகைக்கென ஒரு துப்பட்டாவையும் உடையையும் தனியே வைத்துக்கொண்டால் சிரமம் தீர்ந்துவிடும். நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்தபடியே தொழுதிருக்கிறார்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். குழந்தை தொழுகைக்கு இடைஞ்சல் அல்ல.

வேலைக்குச் செல்லும் தாய்

ஷிப்டு வேலைக்குச் செல்லும் தாய்மார்களின் பிள்ளைகள் நன்னியிடமோ பக்கத்து வீட்டிலோ வளர்கிறார்கள். மேலே சொன்ன முறைகளைப் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். காலையும் இரவும் தாய்ப்பால், பகலில் வீட்டு உணவு என்று ஒரு வயதுக்கு மேல் எளிதாக நடத்தலாம். 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம் என்றும் விதித்தது. கேட்டால்தான் கிடைக்கும். தனியாகக் கேட்கத் தயங்கினால் நான்கைந்து பேர் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள்.

இந்த மாதம் செய்ய வேண்டியவை

1. பிள்ளையை அங்கன்வாடிக்குத் தூக்கிச் சென்று எடை போட்டு, அட்டையில் புள்ளி வையுங்கள். அடுத்த மாதமும் அதே தராசில் போடுங்கள்.

2. இரண்டு மாதம் எடை ஏறாவிட்டாலோ, மேற்கைச் சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். 11.5-க்குக் குறைந்தாலோ, இரு பாதங்களும் வீங்கினாலோ அன்றே கும்மிடிப்பூண்டி அல்லது திருவள்ளூர் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

3. பிள்ளையின் துணிக்கென ஒரு வாளியும், கைகழுவ ஒரு சோப்பும் தனியே வையுங்கள்.

பீகார், ஒடிசா, வங்கத்திலிருந்து வந்து நம் பக்கத்து அறைகளில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்களுக்கு இங்குள்ள அங்கன்வாடி எங்கே என்றுகூடத் தெரியாமல் இருக்கலாம். நம் பிள்ளையைத் தூக்கிப் போகும் நாளில் அவர்களையும் உடன் அழைத்துப் போவது அண்டை வீட்டாருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை. நம் பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் ஆரோக்கியத்துடன் வளரச் செய்வானாக, ஆமீன்.