ரோலிங் ஆயில்: டேங்கில் இருப்பது நீங்க வாங்கிய எண்ணெய் இல்ல!



ரோலிங் பற்றிக் கேள்வி வந்தால் நம்ம கை தானாகவே இரண்டு வட்டம் போட்டு, நடுவில் ஒரு தகடு வரைந்து, அம்புக்குறி போட்டுவிடும். 13 மார்க் கேள்வி முடிந்தது. ஆனா அந்தப் படத்தில் நாம் வரையாத ஒன்று இருக்கு. ரோலுக்கும் தகட்டுக்கும் நடுவில் இருக்கும் எண்ணெய்ப் படலம். அதன் தடிமன் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. கார் கதவுக்கும் ஃப்ரிட்ஜ் கதவுக்கும் போகிற தகட்டின் தரம் அதை நம்பித்தான் இருக்கு. அந்த எண்ணெய் ஓட ஓட எப்படிக் கெடுகிறது, அதை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், எண்ணெய் அங்கே என்ன செய்யுது?

இரும்புத் தகட்டைக் குளிர்நிலையில் உருட்டும் மில்லில் (கோல்டு ரோலிங்) தகடு நிமிடத்துக்கு 1000 மீட்டருக்கு மேலும் ஓடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம்! உராய்வும் வரும், பயங்கரச் சூடும் வரும். உராய்வைக் குறைக்க எண்ணெய் வேணும், சூட்டை எடுக்கத் தண்ணீர் வேணும். அதனால் இரண்டையும் கலந்து எமல்ஷனாகத் தெளிக்கிறாங்க. பெரும்பாலும் 100 லிட்டரில் 2 முதல் 4 லிட்டர்தான் எண்ணெய், மீதி தண்ணீர். பார்க்கப் பால் மாதிரியே இருக்கும். பாலிலும் கொழுப்பு, தண்ணீரில் சிறு துளிகளாக மிதக்கிறது இல்லையா? அதே கதைதான்.

இங்கே ஒரு நுணுக்கம். உராய்வு குறையக் குறைய நல்லது என்று நினைக்காதீங்க. தகட்டை ரோல் இடுக்குக்குள் இழுத்துப் போவதே உராய்வுதான். ரொம்பக் குறைந்தால் ரோல் வழுக்கும். கூடினால் ரோலிங் விசை ஏறும், தகட்டில் கீறல் விழும்.

எமல்ஷனின் நிலைத்தன்மையும் அப்படித்தான். துளிகள் ரொம்பக் கெட்டியாகத் தண்ணீரோடு ஒட்டிக்கிட்டா, எண்ணெய் பிரிந்து தகட்டின் மேல் படியாது. ரொம்ப எளிதில் பிரிந்தால் டேங்கிலேயே எண்ணெய் மேலே மிதக்கும். ஆக, இங்கே எல்லாமே நடுநிலைதான்.

டேங்குக்குள் யார் யார் வர்றாங்க?

டேங்கிலிருந்து மில்லுக்கு, மில்லிலிருந்து மறுபடி டேங்குக்கு என்று அதே எமல்ஷன் மாதக்கணக்கில் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் யாராவது ஒருத்தர் அழையா விருந்தாளியாக உள்ளே வர்றாங்க.

1. ட்ராம்ப் ஆயில்: மில்லின் ஹைட்ராலிக் ஆயில், பேரிங் ஆயில், கிரீஸ் இவை கசிந்து கலப்பது. இதுதான் பெரிய வில்லன்.

2. இரும்புத் தூள்: தகட்டிலிருந்து தேய்ந்து வரும் நுண்துகள். எண்ணெய்த் துளியோடு ஒட்டிக்கொண்டு கறுப்பு அழுக்காகும்.

3. உப்பும் அமிலமும்: ரோலிங்குக்கு முன் தகட்டை அமிலத்தில் கழுவுவாங்க (பிக்ளிங்). அதற்குப் பிறகு நன்றாக அலசவில்லை என்றால் குளோரைடு கூடவே வந்துவிடும். எமல்ஷன் குலையும், தகடு துருப்பிடிக்கும். கடினத் தண்ணீர் ஊற்றினால் அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களோடு சேர்ந்து பிசுபிசுப்பான சோப்பாக மாறும். போதாக்குறைக்கு, சூட்டில் தண்ணீர் மட்டும் ஆவியாகும், உப்பு போகாது. வீட்டில் வெந்நீர் போடுகிற பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளை உப்பைப் பார்த்திருப்பீங்க. அதனால்தான் டேங்குக்கு டி.எம். வாட்டர் ஊற்றுவது நல்லது.

4. பாக்டீரியா: எண்ணெயும் தண்ணீரும் மிதமான சூடும் இருந்தால் அவங்களுக்கு விருந்துதான். கொழுப்பையும் எமல்சிஃபையரையும் தின்று, பிஹெச் அளவைக் கீழே இறக்கும். மில் இரண்டு நாள் நின்று, காற்றோட்டமும் இல்லாமல் போனால், திரும்ப ஓட்டும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்.

எண் சரி, எண்ணெய் தப்பு

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். லேபில் தினமும் பார்க்கும் முதல் டெஸ்ட், எண்ணெய்ச் செறிவு. எமல்ஷனை எடுத்து, அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் எண்ணெய் பிரிந்து மேலே வரும். நீண்ட கழுத்துள்ள பாட்டிலில் அதன் அளவைப் படித்துவிடலாம். பாலில் கொழுப்பை அளக்க 1890இல் ஸ்டீபன் பாப்காக் உருவாக்கிய முறையின் பாட்டில்தான் இது.

ரிசல்ட் 3 சதவீதம் வருகிறது, இருக்க வேண்டியதும் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் ஓகேவா? அவசரப்படாதீங்க. மேலே வந்தது ரோலிங் ஆயிலா, கசிந்து வந்த ஹைட்ராலிக் ஆயிலா என்று அந்தப் பாட்டிலுக்குத் தெரியாது.

அதைக் காட்டிக்கொடுப்பது சப்பானிஃபிகேஷன் மதிப்பு. ஒரு கிராம் எண்ணெயைச் சோப்பாக்க எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேணும் என்பதுதான் அது. பாமாயில் போன்ற கொழுப்புக்கு ஏறத்தாழ 200 வரும். வெறும் மினரல் ஆயிலுக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம். ஹைட்ராலிக், பேரிங் ஆயில்கள் பெரும்பாலும் மினரல் ஆயில்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். (எண்கள் புரிதலுக்காக மட்டும்.)

டேங்கின் அளவு: 1,00,000 லிட்டர்
எண்ணெய்ச் செறிவு: 3% = 3000 லிட்டர்
புது ரோலிங் ஆயிலின் சப்பானிஃபிகேஷன் மதிப்பு: 180
டேங்கிலிருந்து பிரித்த எண்ணெயின் மதிப்பு: 126

126ஐ 180ஆல் வகுத்தால் 0.7. அதாவது 3000 லிட்டரில் 2100 லிட்டர்தான் உண்மையான ரோலிங் ஆயில். 900 லிட்டர் ட்ராம்ப் ஆயில்! ரிப்போர்ட்டில் 3 சதவீதம், ரோலுக்குக் கிடைப்பதோ 2.1 சதவீதம்.

சரி, 900 லிட்டர் புது எண்ணெய் ஊற்றிவிட்டால்? மொத்தச் செறிவு ஏறத்தாழ 3.9 சதவீதம் ஆகும். மதிப்பு 138 வரைக்கும்தான் ஏறும். பழைய 900 லிட்டர் அப்படியேதான் இருக்கு, கசிவும் நிற்கலை. நாளைக்கு அது 1000 லிட்டர் ஆகும். கசிகிற சீலை மாற்றாமல் டேங்கில் எண்ணெய் ஊற்றுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி.

அப்போ எப்படிப் பராமரிப்பது?

முதல் வேலை, வரும் இடத்திலேயே நிறுத்துவது. ஹைட்ராலிக் டேங்கின் மட்டம் தினமும் குறைகிறதா? அந்த எண்ணெய் வேறு எங்கேயும் போகலை, எமல்ஷனுக்குத்தான் வந்திருக்கும். மெயின்டனன்ஸ் ரெஜிஸ்டரையும் லேப் ரெஜிஸ்டரையும் பக்கத்தில் வைத்துப் படித்தாலே பாதி விடை கிடைக்கும்.

மிதக்கும் ட்ராம்ப் ஆயிலை ஸ்கிம்மர் வழித்தெடுக்கும். ஆனா சீக்கிரம் செய்யணும். பம்ப் கடைந்து கடைந்து, எமல்சிஃபையர் அதையும் துளிகளாக்கிக் கலந்துவிட்டால் பிரிப்பது கஷ்டம்.

இரும்புத் தூளை மேக்னட்டிக் செப்பரேட்டரும் ஃபில்டரும் பிடிக்கும். தூளோடு ஒட்டிய நல்ல எண்ணெயும் கொஞ்சம் போகும். அதை ஈடுகட்டச் சிறிது சிறிதாக டாப்-அப் செய்யணும். ஒரேயடியாகக் கொட்டினால் எமல்ஷனின் குணம் திடீரென மாறிவிடும்.

சூடு பெரும்பாலும் 50 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். எண்ணெய் தயாரித்தவர் சொன்ன எல்லைக்குள் வைக்கணும். மில் நின்றாலும் சுற்றோட்டத்தை நிறுத்தக் கூடாது. பாக்டீரியாவுக்கு எதிரான பாதி மருந்து அதுதான்.

பிஹெச், கண்டக்டிவிட்டி, இரும்பு அளவு, சப்பானிஃபிகேஷன் மதிப்பு எல்லாவற்றையும் கிராஃபில் குறிங்க. இன்றைய எண் எல்லைக்குள் இருக்கலாம். ஆனா பத்து நாளாகக் கண்டக்டிவிட்டி மெல்ல ஏறிக்கிட்டே இருந்தால், பிக்ளிங் லைனின் அலசும் பகுதியைப் போய்ப் பார்க்க வேண்டிய நேரம் அது.

எமல்ஷன் இல்லாத மில்களில்?

சேலம் உருக்காலையில் இருப்பது போன்ற சென்ஸிமிர் மில்களில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பெரும்பாலும் தண்ணீர் கலக்காத எண்ணெயில்தான் உருட்டுவாங்க. அலுமினியம் ஃபாயிலுக்கு மண்ணெண்ணெய் போன்ற லேசான எண்ணெய். இங்கே ட்ராம்ப் ஆயில் முழுசாகக் கரைந்துவிடும், ஸ்கிம்மருக்கு வேலையே இல்லை. பாகுநிலை (விஸ்காசிட்டி) ஏறுவதை வைத்துத்தான் பிடிக்கணும். நுண்துகளை டையடோமைட் போன்ற மண் பூசிய ஃபில்டரில் வடிகட்டுவாங்க. தீப்பிடிக்கும் ஆபத்து இருப்பதால் ஃப்ளாஷ் பாயின்ட்டும் கண்காணிப்பில் இருக்கும்.

தாமதமாக வரும் பில்

எண்ணெய் கெட்டது மில்லில் உடனே தெரியாமல் போகலாம். காயில் அடுத்து 700 டிகிரியை ஒட்டிய சூட்டில் அனீலிங் ஃபர்னஸுக்குப் போகும். நல்ல ரோலிங் ஆயில் சுத்தமாக ஆவியாகும். இரும்புத் தூளும் ட்ராம்ப் ஆயிலும் கரியாகப் படியும். அந்தக் கரியின் மேல் அடித்த பெயின்ட் உரியும்போதுதான் வாடிக்கையாளர் போன் பண்ணுவார். அதற்குள் அதே எமல்ஷனில் எத்தனையோ காயில் உருண்டு போயிருக்கும். டேங்கையே மாற்றலாம்தான். ஆனா ஒரு லட்சம் லிட்டர் எண்ணெய்த் தண்ணீரைச் சுத்திகரிக்காமல் எங்கேயும் விட முடியாது.

அடுத்த முறை ஐ.வி. அல்லது இன்பிளான்ட் ட்ரெய்னிங் போகும்போது மில்லின் வேகத்தை மட்டும் குறித்துக்கொண்டு வராதீங்க. "சார், போன வாரம் சப்பானிஃபிகேஷன் மதிப்பு எவ்வளவு? ஹைட்ராலிக் ஆயில் எத்தனை லிட்டர் டாப்-அப் பண்ணீங்க?" இந்த இரண்டையும் சேர்த்துக் கேளுங்க. அந்த இரண்டு எண்ணும் கிடைத்தால், மேலே போட்ட கணக்கை அந்த மில்லுக்கே போட்டுப் பார்த்துடலாம்!